பாட ஆளில்லாத குன்று

கொட்டாரத்தில் பேருந்தைவிட்டு இறங்கிய அரை மணி நேரத்துக்குள் மூன்று பேரோடு சண்டை போட்டிருந்தேன். முதல் ஆள் நடத்துநர். காலி டப்பாக்கள் நிறைந்த என் பையைச் சரக்கு என்று சொல்லி அதற்கும் ஒரு டிக்கெட் கிழித்தார். இரண்டாவது ஆள் டீக்கடை வாசலில் என் செருப்பின் மேல் வெற்றிலைச் சாற்றைத் துப்பிவிட்டு, "கவனிக்கல்லே" என்று வேறு பக்கம் திரும்பிக்கொண்டவர். மூன்றாவது ஆள் பெனடிக்ட், ஆட்டோக்காரர்.

"டீச்சருக்கு எங்க போணும்?"

"நான் டீச்சர் இல்லை."

"செரி டீச்சரே. எங்க போணும்?"

கையில் நோட்டும் மூக்கில் கண்ணாடியும் உள்ள பெண் இந்த மாவட்டத்தில் டீச்சராகத்தான் இருக்க முடியும் போலிருக்கிறது. நான் அங்கே இருந்த மூன்று வாரமும் அப்படியே கூப்பிட்டார். நானும் மூன்று வாரமும் மறுத்தேன்.

நான் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரி. எங்கள் ஊரில் வயலைத் தாண்டினால் வயல்தான். கல் வேண்டுமென்றால் லாரியில் வந்தால்தான் உண்டு. பதினோரு வருடமாக ஜெர்மனியில் வேலை, பூச்சிகளின் மரபணுக்களைப் பார்க்கிற வேலை. அங்கே சின்ன மேட்டுக்குக்கூடப் பெயர்ப்பலகை வைத்திருப்பார்கள், பலகைக்குக் கீழே உட்கார பெஞ்சும் போட்டிருப்பார்கள். நான் தேடி வந்த குன்றுக்குப் பலகை கிடையாது. வயல்களுக்கும் தென்னந்தோப்புக்கும் நடுவே தனியாக நிற்கிற சின்னப் பாறைக்குன்று அது. மூன்று வருடத்துக்கு முன் அதன் இடுக்குகளில் ஒரு சுவர்க்கோழிப் பூச்சியைக் கண்டேன். விரல்நுனி அளவு, மண் நிறம். பெண்ணுக்குச் சிறகே இல்லை. ஆணுக்கு முதுகில் குட்டையாக ஒரு ஜோடி உண்டு, ஆனால் பறக்க உதவாது. உரசிப் பாடுவதற்கு மட்டும்தான்.

அச்சில் வார்த்த மாதிரி அதே பூச்சி பேச்சிப்பாறைக் காட்டிலும் இருக்கிறது. உருப்பெருக்கியில் வைத்துப் பார்த்தாலும் வித்தியாசம் தெரியாது. ஆனால் மரபணுவைப் படித்தால் இரண்டும் எத்தனையோ ஆயிரம் தலைமுறைக்கு முன்பே பிரிந்துவிட்டன. பாடும்போது காட்டு ஆண் ஐந்து தட்டு தட்டிவிட்டு நிறுத்தும். குன்று ஆண் மூன்றே தட்டு. இரண்டும் வேறு வேறு இனம் என்று நிரூபிக்க ஒரே ஒரு சோதனை பாக்கி. அதற்காகத்தான் வந்தேன்.

ஆட்டோ வயல் பாதையில் திரும்பியதும் குன்றைத் தேடினேன். பெனடிக்ட் வேறு பாதையில் கூட்டி வந்துவிட்டார் என்று நினைத்து அவரிடம் கத்தினேன்.

"இதான் டீச்சரே பாதை. அன்னா பாருங்கோ, அதான் குன்று."

குன்றில் பாதியைக் காணவில்லை. தெற்குப் பக்கம் மொத்தமும் வெட்டி எடுக்கப்பட்டு, நேராக நிற்கிற வெள்ளைச் சுவரும், அதன் காலடியில் பச்சைத் தண்ணீர் தேங்கிய பள்ளமுமாக இருந்தது. நான் மூன்று வருடத்துக்கு முன் முழங்காலில் தவழ்ந்து பூச்சி பிடித்த இடம் பள்ளத்துக்கு மேலே வெறும் காற்றாக இருந்தது. ஒரு லாரி கல்லை ஏற்றிக்கொண்டு எங்களை உரசிப் போனது. எனக்குக் கோபம் ஏறியது. எங்கள் வீட்டு அஸ்திவாரத்துக் கல்லும் இப்படி ஏதோ ஒரு குன்றிலிருந்துதான் வந்திருக்கும் என்று அந்த நேரம் பார்த்து ஞாபகம் வந்து, கோபத்தை இன்னும் கெடுத்தது.

பெரிய குடைக்குக் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த மேற்பார்வையாளரிடம் போனேன். என்ன பேசினேன் என்று முழுதாக ஞாபகம் இல்லை. என் குரல் எனக்கே கேட்கச் சகிக்காமல் இருந்தது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

"பெர்மிட் இருக்கு மேடம்," என்றார் அவர் பொறுமையாக.

"அதில் இங்கே என்ன உயிரினம் இருக்குன்னு எழுதியிருக்கா?"

"எழுதாம பின்னே? ஓந்தான், கீரி, மயில். எல்லாம் ஓடிப்போயிரும், பறந்து போயிரும்."

"நான் சொல்றது ஓடாது. பறக்காது."

"அப்போ அதுக்க தலையெழுத்து," என்று சொல்லிவிட்டு மோர் குடிக்கிறீர்களா என்று கேட்டார். உங்கள் மோர் எனக்கு வேண்டாம் என்று திரும்பி நடந்தேன். வெயில் மண்டையைப் பிளந்தது. பாதி தூரம் வந்தபோது அந்த மோரைக் குடித்துவிட்டே திட்டியிருக்கலாம் என்று தோன்றியது.

மறுநாள், குன்றை வெட்டுவதை நிறுத்தச் சொல்லும் மனுவோடு ஓர் அலுவலகம். எந்த அலுவலகம் என்று எழுதப்போவதில்லை. அங்கிருந்தவர் மரியாதையாகத்தான் நடந்துகொண்டார், அதுதான் இன்னும் எரிச்சல். மனுவை முழுக்க வாசித்தார். பேனாவை எடுத்தார்.

"பூச்சிக்க பேரைச் சொல்லுங்க மேடம்."

"இன்னும் பேர் வைக்கலை."

பேனாவைக் கீழே வைத்தார். "பேரில்லாததை நான் எந்தக் கட்டத்துல எழுதட்டும்? நாளைக்கு மேல இருந்து கேட்டா, ஒரு அம்மா வந்து ஒரு சுவர்க்கோழின்னு சொன்னாங்கன்னா சொல்ல முடியும்?"

அவர் கேட்டதில் தப்பில்லை. பேர் வைக்க வேண்டுமென்றால் கட்டுரை வெளிவர வேண்டும். கட்டுரையைப் பரிசீலித்தவர் ஒரு கேள்வி கேட்டுத் திருப்பி அனுப்பியிருந்தார். முதல் முறை வந்தபோதே காட்டுப் பெண்ணையும் குன்று ஆணையும் சேர்த்துப் பார்த்திருந்தேன். பிறந்த பெண் குஞ்சுகள் நன்றாக இருந்தன. ஆண் குஞ்சுகள் மலடு. பாட்டும் மூன்று தட்டும் இல்லை, ஐந்து தட்டும் இல்லை, தத்துப்பித்தென்று ஏதோ ஒன்று. சரி, இது மரபணு செய்த வேலையா, இல்லை தாயின் முட்டைக்குள் ஒளிந்து வருகிற ஏதாவது பாக்டீரியா செய்த வேலையா? அதைத் தெரிந்துகொள்ள எதிர்க் கலப்பு வேண்டும், அதாவது குன்றுப் பெண்ணும் காட்டு ஆணும். நியாயமான கேள்வி.

அதை மூன்று வருடத்துக்கு முன்பே செய்திருக்கலாம். அப்போது என் கையில் நாற்பது குன்றுப் பூச்சிகள் இருந்தன. அந்த ஒரு கலப்பு முடிந்ததும், மரபணு எடுக்க அத்தனையையும் ஆல்கஹாலில் போட்டேன். குன்று எங்கே போய்விடப்போகிறது, வேண்டுமானால் திரும்ப வந்து பிடித்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். இந்தப் பயணம் முழுக்க நான் யார் யார் மேலோ எரிந்து விழுந்ததாக எழுதப்போகிறேன். அதில் பாதி எனக்குச் சேர வேண்டியது.

கொட்டாரத்தில் தங்கம்மை அக்காவின் மாடியறையில் தங்கினேன். நெற்றியில் வெள்ளை நாமம், குரலில் மணி. வீட்டுக்குள் சிலைக்குப் பதில் கண்ணாடி வைத்து, அய்யா என்று தங்கள் சாமியைக் கும்பிடுகிறவர். கணவர் இல்லை, மகன் துபாயில். அறையைக் கொடுக்கும்போது ஒரே ஒரு நிபந்தனைதான்.

"பூச்சி வளர்த்துக்கோ மக்கா, எனக்கு ஒண்ணும் இல்லே. எனக்க வீட்டுல வெச்சு ஒண்ணையும் கொல்லப்பிடாது, பாத்துக்கோ."

அடுத்த நான்கு நாளும் விடியற்காலையில் குன்றுக்குப் போனேன். இந்தச் சுவர்க்கோழி வெளிச்சம் வருகிற நேரத்தில்தான் பாடும். முன்பு வந்தபோது ஏழெட்டு ஆண்கள் ஒரே நேரத்தில் தட்ட, எந்தக் கல்லுக்கு அடியில் எது என்று பிரித்தறிய முடியாமல் திணறியிருக்கிறேன். இப்போது ஒன்றுகூடப் பாடவில்லை. வடக்குப் பக்கம் மிச்சமிருந்த இடுக்குகளில் ஒவ்வொரு கல்லாகப் புரட்டினேன். எட்டு மணிக்குப் பாறை துளைக்கிற எந்திரம் தொடங்கிவிடும். அதன் பிறகு பாட்டாவது கூத்தாவது.

நான்கு நாளில் மூன்று கிடைத்தன. மூன்றும் பெண். மூன்றும் கடைசித் தோலை இன்னும் உரிக்காத இளசுகள், அதாவது எந்த ஆணையும் சேராதவை. சோதனைக்கு அப்படித்தான் வேண்டும். சந்தோஷப்பட வேண்டிய நான் ஆண் எங்கே, ஆண் எங்கே என்று புலம்பிக்கொண்டே மாடியேறினேன்.

"என்னத்துக்குப் பிள்ளே இந்த வெப்ராளம்?" என்றார் தங்கம்மை அக்கா. மரச்சீனிக் கிழங்கை, அதாவது எங்கள் ஊர் மரவள்ளியை, அவித்து, இங்கே சம்மந்தி என்கிற தேங்காய்த் துவையலோடு தட்டில் வைத்துக்கொண்டு வந்திருந்தார். தஞ்சாவூரில் இந்தக் கிழங்கை நாங்கள் சீந்த மாட்டோம். இங்கே அதைச் சாப்பிட்ட பிறகு, எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஒன்றும் தெரியாது என்ற முடிவுக்கு வந்தேன். சாப்பிட்டுக்கொண்டே அக்காவுக்கு விளக்கினேன். ஒரு காலத்தில் மேற்கு மலைக்காடு இந்தக் குன்று வரை வந்திருக்க வேண்டும். மழை குறைந்தது, காடு மேற்கே ஒதுங்கியது. நடுவில் ஆரல்வாய்மொழிக் காற்றும் வெயிலும். ஈரம் இல்லாமல் அரை நாள் தாங்காத பூச்சி அதைத் தாண்டுமா? குன்றிலே இருந்தது குன்றிலேயே மாட்டிக்கொண்டது.

அக்கா காலித் தட்டைக் கையில் எடுத்தார். "அப்போ அங்கயும் இங்கயும் பொண்ணு குடுத்து எடுக்குறது நின்னு போச்சு. அதானே?"

அதேதான். பதினோரு வருடமாக மாணவர்களுக்குப் படம் போட்டுச் சொல்வதை அவர் கிழங்குத் தட்டைப் பிடித்துக்கொண்டு சொல்லிவிட்டார். மரபணுவில் பிழைகள் ஓயாமல் விழும். கொடுத்து எடுக்கிறவரை ஒரு பக்கத்தில் விழுந்தது மறுபக்கமும் போய்ச் சேரும். அது நின்றதும் அங்கே விழுந்தது அங்கே, இங்கே விழுந்தது இங்கே. அந்தந்தப் பக்கம் தன் பிழைகளோடு சமாளித்துக்கொள்ளப் பழகிவிடும். பிறகு இரண்டையும் ஒரே உடம்பில் கொண்டுவந்து போட்டால் ஒத்துவராது.

அன்று சாயங்காலம் அறையில் எறும்பு. ஜன்னலிலிருந்து மேசை வரை வரிசை கட்டி வந்திருந்தது. கூண்டுப் பூச்சிக்கு எறும்பைவிடப் பெரிய எமன் கிடையாது. நான்கு மேசைக் காலையும் தண்ணீர்க் கிண்ணத்தில் வைத்தேன். ஆனாலும் மறுநாள் பேச்சிப்பாறைக்குப் போகும்போது அந்த மூன்றையும் அறையில் விட்டுப்போக மனசு வரவில்லை. பையில் போட்டுக் கூடவே எடுத்துப்போனேன்.

ஆட்டோவில் அவ்வளவு தூரமா என்று கேட்டேன். "டீச்சரே, இது குவைத்துக்கே போவும்," என்றார் பெனடிக்ட். குவைத்தில் பதினான்கு வருடம் ஏசி மெக்கானிக்காக இருந்தவர். சொந்த ஊர் கடியப்பட்டணம். குவைத்துக்குப் போகிற ஆட்டோ தக்கலையைத் தாண்டியதும் நின்றுவிட்டது. இஞ்சினுக்கு அடியில் ஏதோ ஒரு நட்டு கழன்றிருந்தது. பக்கத்துக் கடையில் ஒன்று வாங்கி வந்து திருகிப் பார்த்தார், ஏறவில்லை. இன்னொன்று, அதுவும் ஏறவில்லை.

"பாக்க ஒண்ணு போலதான் இருக்கு. மரை கொள்ளல்லே."

அறுவையாக இருந்தாலும் சொல்லத்தான் வேண்டும்: என் பூச்சிகளும் அப்படித்தான். வெளியே பார்த்தால் ஒன்று, உள்ளே மரை வேறு. ஆணுக்கு எக்ஸ் குரோமோசோம் ஒன்றே ஒன்றுதான். அதில் ஒரு மரை கொள்ளாவிட்டால் சமாளிக்க இரண்டாவது கிடையாது. அதனால்தான் கலப்பில் பிறந்த ஆண் மலடாகப் போனது. பெண்ணுக்கு இரண்டு, ஒன்று இழுத்தால் ஒன்று தாங்கும். நடுரோட்டில் இதை அவருக்குச் சொன்னேன். "நமக்க வீட்டுலயும் அப்படித்தான் டீச்சரே. பொம்பளைதான் தாங்கும்," என்று சொல்லிவிட்டு மூன்றாவது நட்டை வாங்கப் போனார்.

பேச்சிப்பாறை அணைக்கு மேலே, அனுமதிச் சீட்டைக் காட்டிவிட்டுக் காட்டோரம் நுழைந்தோம். ரப்பர்த் தோட்டத்தின் புளித்த வாடை, அட்டை, ஈரம். இரண்டு மணி நேரத்தில் ஆறு இளம் பெண்களும் நான்கு ஆண்களும் கிடைத்தன. மழைமேகம் மூடிக் கருத்திருந்ததால் ஆண்கள் பகலிலேயே பாடின. ஐந்து தட்டு, நிறுத்தம், ஐந்து தட்டு. இங்கே இத்தனை தாராளமாகப் பாடுகிறதே என்று அவற்றின் மேலும் கோபம் வந்தது.

ஒவ்வொரு பெண்ணும் தனித்தனி டப்பாவில். வாயில் வலைத்துணி கட்டி, அதற்கு மேல் துளை போட்ட மூடி. மூடியில் எழுதினேன்: குன்று ஒன்று, குன்று இரண்டு, காடு ஒன்று. என் தொழிலில் முதல் நாளே சொல்லித்தருகிற விதி ஒன்று உண்டு. பெயரை மூடியில் எழுதாதே, டப்பாவின் உடம்பில் எழுது. இந்த விதியை மீறியதற்காக எத்தனையோ பிள்ளைகளை அழ அழத் திட்டியிருக்கிறேன். அன்று டப்பா முழுக்க ஈரம், பேனா பிடிக்கவில்லை, மூடிதான் காய்ந்திருந்தது. வீட்டுக்குப் போய் மாற்றி எழுதிக்கொள்ளலாம் என்று இருந்தேன்.

திரும்பும் வழியில் குலசேகரத்தில் மழை விட்டுச் சுள்ளென்று வெயில் அடித்தது. சாயாவும் பழம்பொரியும் சாப்பிட இறங்கினேன். சூடான பழம்பொரியின் மேல் இருந்த கவனத்தில் இரண்டாவதும் கேட்டேன். வந்து பார்த்தால் ஆட்டோவின் பின்சீட்டில் ஒன்பது டப்பாக்களும் வரிசையாக. பெனடிக்ட் கடைசி மூடியைப் போட்டு அமுக்கிக்கொண்டிருந்தார்.

"என்ன செய்றீங்க?"

"பாவம், ஒரே புழுக்கம்லா. மூடியளை எல்லாம் தொறந்து கொஞ்ச நேரம் காத்தாட வெச்சேன். வலை கெட்டியிருக்கு, ஒண்ணும் சாடல்லே."

"எந்த மூடி எதோடதுன்னு பார்த்துப் போட்டீங்களா?"

"எல்லா மூடியும் ஒரே அளவுதானே டீச்சரே?"

குலசேகரம் சந்திப்பில் அன்று நான் போட்ட சத்தத்துக்கு மீன் வாங்க வந்தவர்களும் கூடிவிட்டார்கள். அந்த ஒன்பதில் எந்த மூன்று குன்றின் மிச்சம் என்று உலகத்தில் யாருக்கும் தெரியாது. பெண் பாடாது. உருவத்தில் வித்தியாசம் இல்லை. காலை வெட்டி மரபணு பார்க்கலாம். முடிவு வருவதற்குள் இவற்றின் ஆயுள் முடிந்துவிடும். கண்டபடி திட்டினேன். முட்டாள் என்றேன், அதற்கு மேலும் சொன்னேன். பெனடிக்ட் மூடிகளை ஒருமுறை அமுக்கிப் பார்த்துவிட்டு வண்டியை எடுத்தார். கொட்டாரம் வரைக்கும் கண்ணாடியில்கூட என்னைப் பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்த நேரத்துக்கு, ஆட்டோ வாசலில் வந்து நின்றது. "டெல்பின் கூட்டிட்டு வரச் சொன்னா," என்றார். டெல்பின் அவர் மனைவி. கடியப்பட்டணத்தில் கடலைப் பார்த்த வீடு. வரவேற்பறையில் மாதா படம், குவைத்திலிருந்து வந்த பெரிய டிவி. சோறும் நெய்மீன் கறியும். புளிக்குப் பதில் குடம்புளி போட்ட கறி. காரம் கண்ணில் நின்றது. அரிசியை மட்டும் எங்கள் ஊரில் இதைவிட நன்றாக வடிப்பார்கள்.

மூன்றாவது முறை சோறு வைக்கும்போது டெல்பின் கேட்டார்: "இவரு செஞ்சது மடத்தனம்தான். ஏசினியளே, செரி. நாலு பேரு கேக்க ஏசினியளே, அதும் இருக்கட்டு. ஆனா மூடியில எழுதினது யாரு?"

கையிலிருந்த சோற்றுருண்டையைத் தட்டில் வைத்தேன். நான்தான் என்றேன். பெனடிக்டைப் பார்த்து, மன்னிச்சிடுங்க அண்ணே என்றும் சொன்னேன். அவர் மீன் தலையை எடுத்து என் தட்டில் வைத்தார்.

வழி கண்டுபிடித்தது திரும்பி வரும்போதுதான். பெண் பாடாது. ஆனால் கேட்கும், அதன் காது முன்னங்காலில் இருக்கிறது. தன் இனத்து ஆணின் பாட்டைக் கேட்டால் அதை நோக்கி நடக்கும். மூன்று வருடத்துக்கு முன் பதிவு செய்த குன்றுப் பாட்டு என் போனில் இருந்தது. தாங்கள் யார் என்று அவையே சொல்லிவிடும்.

தோல் உரித்து முதிர ஒன்பது நாள் ஆனது. அந்த ஒன்பது நாளும் எறும்போடும், மின்வெட்டோடும், குன்றுப் பக்கமிருந்து தினமும் வந்த வெடிச் சத்தத்தோடும் கழிந்தன. சத்தம் கேட்கும்போதெல்லாம் ஜன்னல் கம்பி அதிரும். ஜெர்மனியில் பக்கத்து வீட்டுக்காரர் ஞாயிறன்று புல் வெட்டினால் போலீசைக் கூப்பிடுவார்கள். இங்கே மலையை வெட்டுகிறார்கள், கூப்பிட ஆள் இல்லை.

பத்தாம் நாள் மாடியறைத் தரையில் ஈரப் போர்வையை விரித்தேன். ஒரு முனையில் என் போன், குன்றுப் பாட்டு. மறுமுனையில் பெனடிக்டின் போன், பேச்சிப்பாறையில் பதிவு செய்த காட்டுப் பாட்டு. நடுவில் தங்கம்மை அக்காவின் எவர்சில்வர் தம்ளரைக் கவிழ்த்து, அதற்குள் ஒரு பெண். டப்பாவின் உடம்பில் எண் எழுதியிருந்தேன், இந்த முறை. இரண்டு பாட்டையும் ஓடவிட்டுத் தம்ளரைத் தூக்கினால், கொஞ்ச நேரம் மீசையை ஆட்டிக்கொண்டு நின்றது. பிறகு பெனடிக்டின் போனைப் பார்த்து நேராக நடந்தது.

"எனக்க போன்தான் பவரு," என்றார் அவர்.

போன்களை இடம் மாற்றி வைத்தேன். அப்போதும் ஐந்து தட்டைத் தேடித்தான் போனது. ஒவ்வொன்றையும் மும்மூன்று முறை நடக்கவிட்டேன். நான்காவதாக விட்ட பெண் ஐந்து தட்டின் பக்கம் திரும்பக்கூட இல்லை. என் போனை நோக்கி ஓடியது, நடக்கவில்லை, ஓடியது. ஏழாவதும் அப்படி. ஒன்பதாவதும் அப்படி. ஆறு காடு, மூன்று குன்று. கணக்குச் சரியாக வந்தது. தங்கம்மை அக்கா கை தட்டினார். பெனடிக்ட் போனை நெஞ்சோடு வைத்துக்கொண்டு, "தப்பிச்சேன் மாதாவே," என்றார்.

சந்தோஷம் அன்று மட்டும்தான். மறுநாள் மூன்று குன்றுப் பெண்களோடும் காட்டு ஆண்களைச் சேர்த்தேன். ஆண்கள் பாடின, சுற்றி வந்தன, நெருங்கின. பெண்கள் பின்னங்காலால் உதைத்துவிட்டு மூலைக்குப் போயின. ஆண்களை மாற்றினேன், இருட்டாக்கினேன், இரண்டு நாள் தனியாக வைத்துவிட்டு மறுபடி சேர்த்தேன். நாள்கணக்கில் இதே கதை. காட்டுப் பெண்களோ அதே ஆண்களைச் சேர்த்த அன்றே ஏற்றுக்கொண்டன. எதிர்க் கலப்பு நடக்கவில்லை. நடக்காது. மரை கொள்ளுமா என்று பார்ப்பதற்கு முன்பே, வாசலிலேயே கதவு சாத்தியாகிவிட்டது.

ஜெர்மனிக்கு எழுதினேன். ஒரு மணி நேரத்தில் எங்கள் ஆய்வகப் பேராசிரியரின் பதில் வந்தது. எதிர்க் கலப்பு இல்லாவிட்டாலும் பரவாயில்லை, பெண்கள் மறுப்பதே போதுமான சான்று, இரண்டும் வேறு இனம் என்று இனி யாரும் வாதாட முடியாது, அழகான முடிவு, வாழ்த்துகள். பெயர் என்ன வைக்கலாம் என்று யோசித்து வை என்றும் எழுதியிருந்தார். அழகாம். போனைச் சுவரில் அடிக்கலாம் போலிருந்தது. அதில் அந்தப் பாட்டு இருந்ததால் அடிக்கவில்லை.

அருங்காட்சியகத்தில் வைக்க ஒன்றையாவது ஆல்கஹாலில் போட்டு எடுத்து வா என்பது கடிதத்தின் கடைசி வரி. ஏற்கெனவே நாற்பது இருக்கிறது, போதும் என்று பதில் எழுதினேன். கொஞ்சம் மரியாதைக்குறைவாகத்தான் எழுதினேன்.

"கொண்டு போய் அதுக்க எடத்துல விட்டிரு மக்கா," என்றார் தங்கம்மை அக்கா. "ஒருவேளை ஒரு ஆணு எங்கயாவது பொந்துல கெடக்கும். நீ பாக்காம போயிருப்பே."

நான் கிளம்பும் நாள் விடியற்காலையில் பெனடிக்டும் நானும் குன்றுக்குப் போனோம். வடக்குப் பக்கமும் இப்போது சுண்ணாம்பில் கோடு போட்டு அளந்திருந்தது. கோட்டுக்கு மேலே ஓர் இடுக்கில், ஈரமான பாசியின் மேல் மூன்றையும் இறக்கிவிட்டேன். பக்கத்திலேயே ஒரு கல்லில் போனை வைத்துக் குன்றுப் பாட்டை ஓடவிட்டேன். ஆண் எதுவும் மிச்சமிருந்தால் போட்டிக்குப் பதில் பாடும். இவை விட்டுக்கொடுக்காத ஜாதி.

மூன்று தட்டு, நிறுத்தம், மூன்று தட்டு. நாங்கள் மூச்சுக்கூட விடாமல் கேட்டோம். அரை மணி நேரம். எதிர்ப்பக்கம் எதுவும் பாடவில்லை.

பாசியிலிருந்து முதல் பெண் இறங்கி வந்தது. அதன் பின்னால் மற்ற இரண்டும். கல்லில் ஏறின, போனில் ஏறின, சத்தம் வருகிற ஓட்டையைச் சுற்றி நின்று மீசையால் தடவித் தடவிப் பார்த்தன. பிறகு அப்படியே காத்திருந்தன.

"டீச்சரே," என்றார் பெனடிக்ட் மெல்ல. "இந்தப் பாட்டைப் பாடின ஆணு எங்க?"

கீழே பாறை துளைக்கிற எந்திரம் அன்று எட்டு மணிக்கு முன்பே தொடங்கியது. பேருந்துக்கு நேரமாகிவிட்டது, போனை எடுக்க வேண்டும், எடுக்க வேண்டுமென்றால் மூன்றையும் கையால் தள்ள வேண்டும். தள்ளினேன். யாரை என்று தெரியாமல் வாய்விட்டுத் திட்டிக்கொண்டே தள்ளினேன். முதலாவது திரும்பவும் ஏறி வந்தது.

பாடினவன் ஜெர்மனியில் பதினேழாம் எண் சீசாவில் இருக்கிறான். நான்தான் போட்டேன். அந்தச் சீசாவில் மட்டும் மூடியில் எழுதவில்லை. விதிப்படி உடம்பிலேயே, அழியாத மையில், அழகாக எழுதி வைத்திருக்கிறேன்.